வேம்பு எழுதிய பதினோரு அடைமொழிகள்

ஒரு மனிதனை ஒரே தாளில் எத்தனை தரம் ஏழை என்று சொல்லலாம்? இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியே வேம்புவின் பாதி ஆயுள் போயிருந்தது.

பாபநாசத்தில், தாலுகா ஆபீசுக்கு எதிரே, முத்திரைத்தாள் விற்கும் அப்துல் ஜலீல் பாயின் கடையை ஒட்டி அவளுக்கு ஒரு மேசை இருந்தது. மேசைமேல் 'e' எழுத்து சற்று உயர்ந்தே விழும் பழைய தட்டச்சு மிஷின். எதிரில், மனு எழுத வருகிறவர்கள் உட்கார ஒரு முக்காலி. பண்ணையாள் வீட்டில் பிறந்து, எஸ்.எஸ்.எல்.சி. தேறி, இங்கிலீஷ் டைப்பில் லோயர் பாஸ் செய்தவள். கல்யாணமாகி இரண்டாம் வருஷமே புருஷனைக் காலராவுக்குப் பறிகொடுத்தாள். அன்று அழுத அழுகையோடு கண்ணீரெல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைத்தவள், முப்பத்தெட்டு வயதில் அது இன்னும் மிச்சமிருப்பதைக் கண்டுகொண்டாள். அந்தக் கதைதான் இது.

எழுபத்தொன்றாம் வருஷம். குத்தகைதாரர் பெயரைச் சர்க்காரே பதிவு செய்யும் சட்டம் வந்து, டெல்டா முழுக்க அதே பேச்சு. ஊருக்கு ஊர் கொடி ஏறியது; கூலித் தகராறு, கதவடைப்பு, போலீஸ். வாய்ச்சொல்லை நம்பி இருபது வருஷம் உழுதவர்கள் எல்லாரும் ஒரே நாளில் காகிதம் தேடிக் கிளம்பினார்கள். அவர்களில் பாதிப் பேர் வேம்புவின் முக்காலிக்கு வந்தார்கள்.

வந்தவர்கள் மனுவை இங்கிலீஷில்தான் கேட்டார்கள்.

"தமிழ்லயே கொடுக்கலாம்னு கவர்மெண்டே சொல்லியிருக்கு" என்பாள் வேம்பு.

"தமிழ்ல எழுதினா நாம பேசுற மாதிரியில்ல இருக்கும்? நாம பேசித்தான் யாரும் கேக்கலியே" என்பார்கள்.

வேம்பு இங்கிலீஷிலேயே தட்டுவாள். ஆனால் அவளை நிஜமாகவே படுத்தியது வேறொரு பழக்கம். மனுவை வாசித்துக் காட்டும்போது, எதிரில் இருப்பவர் கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களை எண்ணிக்கொண்டே வருவார். புவர் ஒன்று. ஹம்பிள் இரண்டு. ஹெல்ப்லெஸ் மூன்று. கை ஒரு சுற்று நிறையாவிட்டால் அது மனுவே இல்லை. அடைமொழி எத்தனையோ, அதிகாரியின் மனசும் அத்தனை பங்கு இளகும் என்பது தாலுகா முழுக்கப் பரவியிருந்த நம்பிக்கை. வேம்புவோ இரண்டுக்கு மேல் போட மாட்டாள். அதனாலேயே அவளுக்குக் கஞ்சம் என்று பேர்.

ஆனி மாசக் கடைசியில் அவளுடைய சொந்தத் தம்பி மருதையன் அதே முக்காலியில் வந்து உட்கார்ந்தான்.

அவன் உழுதது அரை வேலிக்கும் குறைவான ஒரு வயல். அப்பாவின் கடைசிக் காலத்தில் வந்த குத்தகை, காகிதம் கிடையாது. மிராசுதாருக்கு அந்த இடத்தில் ஒரே சர்வே நம்பருக்குள் மூன்று வயல்கள். தெற்கே மிராசுதாரே பயிர் வைக்கும் பெரிய வயல். நடுவில், வாய்க்கால் மடையை ஒட்டி, மருதையன் உழும் இருபோக நஞ்சை. வடக்கே தண்ணீர் ஏறாத மேடு. நடு வயலுக்கு மருதையன் பெயர் பதிவாகாவிட்டால், குறுவை அறுத்த கையோடு அவனை வெளியேற்றிவிடுவார்கள். இரண்டு பெண் குழந்தைகளோடும் மனைவி ராஜாத்தியோடும் அவன் மறுபடி கூலிக்குத்தான் போக வேண்டும்.

வேம்பு எழுதியதை வாசித்தாள். மருதையன் கணுக்களை எண்ணினான். இரண்டில் நின்றுவிட்டது.

"என்னக்கா, ஊர்க்காரனுக்கு எழுதற மாதிரியே எனக்கும் எழுதிட்டே?"

"போதும்டா. புவர்னு ஒரு தரம் சொன்னா ஒரு தரம் புரியும்."

"வீட்டுல நாலு பேரு இருக்கோம். ஒத்தை புவர் போட்டா எனக்கு மட்டும்னு நினைச்சுக்க மாட்டாங்களா? புவர்ஸ்னு போடு."

வேம்பு நெற்றியில் கை வைத்தாள். "நல்ல மாடு. பத்து இருந்தா நல்ல மாடுகள். நல்லகள் மாடுகள்னு சொல்லுவியா?"

"மாட்டேன்."

"இங்கிலீஷ்லயும் அதேதான். அட்ஜெக்டிவ் பேருக்கு முன்னாடி வந்து நிக்கும், அந்தப் பேரு எப்படிப்பட்டதுன்னு சொல்லும். ஒண்ணா இருந்தாலும் பத்தா இருந்தாலும் அது மாறாது. புவர் ஃபார்மர், புவர் ஃபார்மர்ஸ்."

"எப்பவும் முன்னாடியேதான் நிக்குமா?"

"பின்னாடியும் வரும். 'தி ஃபார்மர் இஸ் புவர்'. அப்பவும் அது ஃபார்மரைத்தான் சொல்லுது."

"அப்ப முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, ரெண்டும் போட்டுரு."

கடைக்குள்ளிருந்து ஜலீல் பாய் சிரித்தார். "வேம்புமா, தம்பி கேக்கறது நியாயம்தானே. முன்வாசல் பின்வாசல் ரெண்டையும் அடைக்கச் சொல்றாரு."

"நீங்க சும்மா இருங்க பாய். இவன் ஒருத்தனே எனக்குப் போதும்."

"புவரை விடப் பெருசு ஒண்ணு இருக்காமே" என்றான் மருதையன். "அடுத்த தெரு மாணிக்கத்துக்கு அந்தக் கும்பகோணத்து ரைட்டர் போட்டுக் குடுத்தாரு. புவரஸ்ட்டு."

"அது பல பேரோட ஒப்பிட்டுப் பாத்து, எல்லாரையும் விட நீதான் ஏழைன்னா போடறது. ஒருத்தனோட ஒப்பிட்டா புவரர். நீ யாரோட ஒப்பிட்டே?"

"ஜில்லா முழுக்க ஒப்பிட்டுக்க. நானா வேணாங்கறேன்?"

வேம்பு மிஷினிலிருந்து தாளை உருவிக் கசக்கினாள். அரைமணி நேரம் திட்டினாள். அடைமொழி என்பது அழுவதற்கு இல்லை, பல மாட்டுக்கு நடுவில் உன் மாட்டை அடையாளம் காட்டுகிற சூடு மாதிரி என்று விளக்கினாள். மருதையன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். கடைசியில் சொன்னான்:

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதுக்கா. அந்த வயலு போச்சுன்னா என்ன ஆகும்னு மட்டும் தெரியும்."

அந்த ஒரு வார்த்தையில் அக்காவின் பிடிவாதம் கரைந்துவிட்டது. அம்மா சாகும்போது அவள் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போன தம்பி அல்லவா? வேம்பு புதுத் தாளைச் செருகினாள். புவர், ஹம்பிள், ஹானஸ்ட், இன்னொசென்ட், ஹெல்ப்லெஸ், ஒபீடியன்ட், லாயல், அன்ஃபார்ச்சுனேட். எட்டு.

"வயலுக்கு என்ன போடட்டும்? 'வெட், டபிள்-கிராப்' போடறேன். நஞ்சை, இருபோகம்."

மருதையன் பதறிப் போனான். "வாயை மூடுக்கா. இருபோகம்னு நாமளே எழுதிக் குடுக்கறதா? ஒரு கண்ணு பட்டா போதும்."

டெல்டாவில் இது யாரும் மீறாத வழக்கம். மகசூல் எப்படி என்று கேட்டால், களம் நிறைய நெல் கிடந்தாலும், "ஏதோ இருக்குங்க, தேறாது" என்றுதான் சொல்வார்கள். தன் வயலைத் தன் வாயால் நல்ல வயல் என்று சொன்னவன் அந்தப் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை. வேம்புவும் அந்த மண்ணில் பிறந்தவள்தானே. அவள் உதட்டுக்கும் அந்தச் சொல் கூசியது.

"ஸ்மால், ட்ரை, யூஸ்லெஸ்" என்று தட்டினாள். சின்ன, வறண்ட, ஒன்றுக்கும் உதவாத. மொத்தம் பதினொன்று. மருதையன் எண்ணி முடித்து, கண் கலங்கி, கையெழுத்துப் போட்டான். அடியில், எழுதியவர் என்ற இடத்தில், வேம்பு தன் பெயரைப் போட்டாள்.

ஆவணி முதல் வாரம் விசாரணை; தம்பியோடு வேம்புவும் போயிருந்தாள். குத்தகைப் பதிவு அதிகாரி முன்னால் மிராசுதாரின் வக்கீல் எழுந்தார். மருதையன் பண்ணைக்கு வேலை செய்த ஆள், குத்தகைதாரனே அல்ல என்று வாதாடப் போகிறார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் புன்னகையோடு மனுவைக் கையில் எடுத்தார்.

"எங்கள் கட்சிக்காரர் எதையும் மறுக்கவில்லை. மனுதாரர் குத்தகைதாரர்தான். எந்த வயலுக்கு? அவரே சொல்கிறார். 'மை ஸ்மால், ட்ரை, யூஸ்லெஸ் ஃபீல்ட்.' சின்னது, வறண்டது, உதவாதது. எங்களுக்கு அந்த நம்பரில் அப்படி ஒரே ஒரு வயல்தான் இருக்கிறது. வடக்கு மேடு. அதை அவர் பெயருக்கே பதிவு செய்யுங்கள். முழு சம்மதம்."

வேம்புவுக்குப் புரிந்துவிட்டது. மூன்று வயல்களில் எது என்று காட்டுவதற்காகவே பிறந்த மூன்று சொற்கள், காட்ட வேண்டியதை விட்டுவிட்டு அடுத்த வயலைக் காட்டிக்கொண்டு நின்றன. அவளே தம்பிக்குப் பாடம் சொன்னாள். அவளே, அவள் கையாலேயே, தப்பான மாட்டுக்குச் சூடு போட்டிருந்தாள்.

மருதையன் காதில் கடைசிச் சொல் மட்டும்தான் ஏறியிருந்தது. அவன் அக்காவைப் பார்த்தான். "என்னக்கா, சம்மதம்கறாரே? ஜெயிச்சுட்டமா?"

அந்தக் கேள்விதான் அவளை எழுப்பி நிறுத்தியது.

"ஐயா, அந்த மூணு வார்த்தையும் பொய்" என்றாள் வேம்பு. "அவன் உழுறது நடு வயல். இருபோக நஞ்சை."

வக்கீல் திரும்பினார். "ஏம்மா, நீங்க யாரு?"

"அந்த மனுவை எழுதினவ."

"மனுதாரர் கையெழுத்துப் போட்டிருக்காரே. எழுதறவங்களுக்கு இங்க என்ன பேச்சு?"

அதிகாரி கையை உயர்த்தி வக்கீலை நிறுத்தினார். பிறகு வேம்புவிடம் மெதுவாகச் சொன்னார். "யோசிச்சுச் சொல்லுங்கம்மா. தவறுதலா விழுந்துதா, தெரிஞ்சே எழுதினீங்களா? தெரிஞ்சுதான்னா அது ஃபைலில் பதிவாகும்."

அறையின் பின்பக்கம் இருபது பேர் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். அதில் பதின்மூன்று பேர் கையில் இருந்தது 'e' சற்று உயர்ந்து விழுந்த மனு. அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள். தவறுதல் என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் அவள் பிழைப்பு பிழைத்துவிடும். ஆனால் ஒரே வரியில் மூன்று சொல் தவறுதலாக விழுமா என்று வக்கீல் கேட்பார், தம்பி மேட்டுக்குப் போவான்.

"தெரிஞ்சேதான் எழுதினேன்" என்றாள். "நல்ல வயலை நல்ல வயல்னு சொல்ல எங்களுக்கு வாய் வராதுங்க. இந்த அறையில இருக்கற யாரை வேணா கேளுங்க, அவங்க வயல் எப்படி இருக்குன்னு."

அதிகாரி உண்மையிலேயே கேட்டார். முதல் வரிசையில் இருந்த ஒரு பெரியவரைப் பார்த்து, "உங்க வயல் எப்படிங்க?" என்றார்.

"ஏதோ கிடக்குதுங்க" என்றார் அவர்.

"போன போகம் என்ன கண்டது?"

"ஒண்ணும் தேறலீங்க."

"தேறாத வயலுக்கா மனுவைத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கறீங்க?"

பெரியவர் தரையைப் பார்த்தார். அறையே சிரித்தது. வக்கீல் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து வயலை நேரில் வந்து பார்ப்பதாக அதிகாரி குறித்துக்கொண்டார்.

வந்தார். வக்கீலும் வந்தார். நடு வயலில் குறுவை பால் பிடித்து நின்றது. "இது பண்ணைப் பயிர், இவர் கூலிக்கு நட்டார்" என்றார் வக்கீல். அதிகாரி வரப்பேறி வடக்கே நடந்தார். மேடு முழுக்கக் கருவேல மரங்கள், ஒவ்வொன்றும் தொடை கனம். முள் செருப்பைத் துளைத்தது. அவர் ஒரு மரத்தின் மேல் கை வைத்து நின்றார்.

"இதுக்குத்தான் இவர் குத்தகைதாரர்னு முழு சம்மதம் கொடுத்தீங்க, இல்லையா?" என்று வக்கீலைக் கேட்டார். "இங்க கலப்பை இறங்கி எத்தனை வருஷம் இருக்கும்? குத்தகைதாரர்னு நீங்களே ஒத்துக்கிட்டாச்சு. உழ முடியாத இடத்துல ஒருத்தர் எப்படிங்க குத்தகைதாரரா இருக்க முடியும்?"

அன்றே திருத்திய வாக்குமூலம் எழுதப்பட்டது. வேம்புவே எழுதினாள். தம்பிக்கு ஒரு அடைமொழியும் இல்லை. வயலுக்கு மட்டும் மூன்று: மிடில், வெட், டபிள்-கிராப். புரட்டாசியில் உத்தரவு வந்தது. நடு வயலுக்கு மருதையன் பெயர் ஏறியது. ராஜாத்தி உத்தரவைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, விழுந்து கும்பிட்டு அழுதாள்.

ஆனால் பாபநாசத்தில் வேம்புவின் முக்காலி காலியாகவே கிடந்தது. தெரிஞ்சே பொய் எழுதினவ என்ற பேச்சு அவளுக்கு முன்பே கடைத்தெருவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அவளிடம் எழுதிய பதின்மூன்று பேரும் கும்பகோணத்து ரைட்டரிடம் போய்ப் புதிதாக எழுதிக்கொண்டார்கள். ஜலீல் பாய் தன் கடைக்கு வருகிறவர்களிடம் "எழுதணும்னா பக்கத்துல அம்மா இருக்காங்க" என்று சொல்லிப் பார்த்தார். அவர்கள் முத்திரைத்தாளை வாங்கிக்கொண்டு தெருவைக் கடந்து போனார்கள். வேம்பு யாரையும் குறை சொல்லவில்லை. மிஷினைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை. தாளடி நடவு நடந்துகொண்டிருந்த நேரம். முழங்கால் வரை சேறு காய்ந்த மருதையன் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்து முக்காலியில் உட்கார்ந்தான்.

"என்னடா? வயல்ல ஆள் இறங்கியிருக்கு, இங்க என்ன வேலை?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமயா பஸ் ஏறி வந்தே?"

"சும்மா உக்காந்திருக்கேன். நீ பாட்டுக்கு ஏதாச்சும் தட்டிக்கிட்டு இரு."

"என்னத்தைத் தட்டறது?"

"எதையாவது. போறவங்க பாக்கட்டும், ஆள் இருக்குன்னு."

வேம்புவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நாத்துக்கட்டு வெயில்ல காயுமேடா, எழுந்திரு. ராஜாத்தி ஒத்தை ஆளா என்ன பண்ணுவா?"

"அவதான் அனுப்புனா" என்றான் மருதையன்.

வேம்பு கண்ணை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு, வெற்றுத் தாள் ஒன்றை மிஷினில் செருகினாள்.

"ஒழுங்கா நிமிர்ந்து உக்காரு" என்றாள்.