படத்தில் வராத தம்பி

அந்தப் படத்தைப் பற்றி வந்த விமர்சனங்களில் ஒன்றைக்கூட நான் விடவில்லை. எல்லாரும் ஒரே வாயாகப் புகழ்ந்தார்கள். அந்த நாவலைத் தலையில் தூக்கி வைத்து ஆடியவர்களே, நாவலைவிடப் படம் ஒரு படி மேல் என்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

நாவல் எங்கள் வீட்டுக் கதை. எழுதியவர் பாகூரில் எங்கள் தெருவில் குடியிருந்தவர். நிலம் கைவிட்டுப் போனது, தம்பி போனது எல்லாவற்றையும் அம்மாவிடமே கேட்டு எழுதினார். ஏரி நிரம்பிய ஓர் ஐப்பசியில் மதகடியில் மீன் பிடிக்க இறங்கினான் தம்பி. பெண் பார்த்துக்கொண்டிருந்த வயது. பிணமாகத்தான் கரை சேர்ந்தான். இருந்த ஒரே போட்டோவும் பின்னால் வந்த புயலில் கூரையோடு போயிற்று. அதனால் அவன் செத்த நாளில் அம்மா அந்த நாவலைத்தான் சுவரில் சாய்த்து, அட்டைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூப்போட்டுப் படைப்பாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவன் வரும் பக்கத்தை நான் படித்த பிறகுதான் காக்காவுக்குச் சோறு வைப்பாள். சொந்தக்காரர்கள் இதைக் கேலி செய்வார்கள்.

படம் எடுக்கிறார்கள் என்றதும் அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. யாராவது ஒருத்தன் தம்பியாக நடிப்பான், அவன் முகத்தை போட்டோ பிடித்து ஃபிரேம் போட்டு மாட்டிவிடலாம் என்று நினைத்தாள்.

"வேற மூஞ்சியா இருக்குமேம்மா" என்றேன்.

"இருந்துட்டுப் போவுது. எம் புள்ளையாத்தான நடிக்கிறான்?"

புதுச்சேரி தியேட்டருக்கு பஸ்ஸில் கூட்டிப் போனேன். உட்கார்ந்ததுமே, "போன கையிலயே வெச்சிக்கடி, அவன் வந்ததும் எடுத்துடு" என்றாள். இடைவேளை வரை வரவில்லை. "இனிமேதான் வருவான்" என்றாள். எனக்கு அதற்குள் புரிந்துவிட்டது. படத்தில் இருந்த அம்மாவுக்கு மகள் மட்டும்தான். கடைசியில், நிலம் போன அன்று அவள் ஏரிக்கரையில் விழுந்து, சேற்றை வாரி வாரி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. அம்மா அழவில்லை. பெயரெல்லாம் ஓடி முடிந்து, பெருக்குகிற ஆள் வந்து நிற்கும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரம் போனது. "பேப்பர்ல, போன்ல எழுதுறாங்களாமே, படிச்சிக் காட்டுடி. அவன ஏன் வுட்டுட்டாங்கன்னு எவனாவது கேட்டிருப்பான்" என்றாள்.

ஒருவர் மட்டும் தம்பியைப் பற்றி எழுதியிருந்தார். நாவலில் கதையோடு ஒட்டாமல் நின்ற அந்த மகன் பாத்திரத்தை வெட்டி எறிந்தது இயக்குநரின் துணிச்சல் என்று. அப்படியே படித்தேன். மறைத்தால் அவள் இன்னும் காத்துக்கொண்டே இருப்பாள். அம்மா அடுத்ததைப் படிக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

அடுத்தவர், நிலத்தை இழந்த தாயின் அந்த ஏரிக்கரை அழுகைக்காகவே படத்தை இன்னொரு முறை பார்க்கலாம் என்று உருகியிருந்தார்.

அம்மா போனைப் பிடித்திருந்த என் கையைக் கீழே இறக்கினாள்.

"நெலத்துக்கு எவடி அப்புடி அழுவா?" என்றாள். "எம் புள்ளைய கரையில போட்டப்ப நான் அழுத அழுவடி அது."