மன்றத்தின் மூச்சை அடைத்த பச்சை நூல்

மெக்கானிக்கின் இரண்டு கைகள் மன்றத்துக் காற்றுக்குழாயின் வால்வைப் பிரித்துக்கொண்டிருந்தன. கழன்ற திருகுகள் கழன்ற வரிசையிலேயே துணியில் போய் உட்கார்ந்தன. பின்னால் நின்ற காவல் அதிகாரி பெருமூச்சு விட்டுப் பார்த்தார். கைகள் அவசரப்படவில்லை.

முந்தாநாள் மன்றக் கூட்டத்தின் நடுவே காற்று நின்றுபோனது. கண்ணாடிக்கு வெளியே காற்றே இல்லாத கறுப்பு வானம். குடியிருப்புக்குத் தனியாட்சி கேட்பவர்களும், தாய்க்கோளை விட்டால் கதியில்லை என்பவர்களும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்கள். அன்று வாசலில் மட்டும் ஒற்றுமையாக முட்டிக்கொண்டார்கள்.

அதற்கு முந்தின வாரம்தான் இந்த மெக்கானிக்கின் கொழுந்தன் மன்றத்தில் எழுந்து, இவர்கள் பேச்சுக்குக் காற்று ஒரு கேடா என்று கத்தியிருந்தான். நுணலும் தன் வாயால் கெடும். காற்று நின்றதும் சதிகாரன் என்று அவனை அடைத்துவிட்டார்கள். இன்று மாலை விண்கப்பலில் தாய்க்கோளுக்கு அனுப்புவதாக ஏற்பாடு; அப்படிப் போனவர் திரும்பியதில்லை.

“அவனுக்கு வாய்தான் சார் நீளம். பல்பு மாத்தக்கூட அண்ணியைத்தான் கூப்பிடுவான்,” என்றாள் மெக்கானிக். அதிகாரி அதை எழுதிக்கொள்ளவில்லை.

வால்வின் தொண்டையில் இடுக்கியை விட்டாள். இழுக்க இழுக்க வந்தது, பச்சைக் கம்பளி நூல். விளக்கடியில் விரித்துப் பார்த்தாள். பிறகு அதிகாரியின் கால்களைப் பார்த்தாள். காவலர்களுக்கு மட்டும்தான் பச்சைக் காலுறை.

குழாயை ஒட்டியே நடந்தாள்; அதிகாரியும் நடந்தார். குழாய் காவலர் ஓய்வறையில் போய் முடிந்தது. அங்கே காற்றை உள்ளிழுக்கும் குழாய்வாயில் ஒன்பது காலுறைகள் காய்ந்துகொண்டிருந்தன. உலர்த்தும் அறையில் காவலர் முறை வாரத்துக்கு ஒரு நாள்தான். இங்கே தொங்கவிட்டால் அரைமணியில் காய்ந்துவிடுமாம். காற்று நன்றாக இழுக்கட்டும் என்று தூசி வலையைக் கழற்றிக் கட்டிலடியில் போட்டிருந்தார்கள்.

நூல் பாதி பிரிந்த காலுறை ஒன்றில் பூப்போட்டு ஒரு எண் தைத்திருந்தது. அதே எண் அதிகாரியின் சட்டையிலும் இருந்தது.

“வீட்டுல தைச்சுக் குடுத்தாங்க,” என்றார் அவர், மெல்ல.

வலையை மாட்டி, வால்வைத் துடைத்துப் பூட்டி, மன்றத்தில் காற்று சீராக ஓடுவதைக் கால்மணி நேரம் அளந்த பிறகே வேலைச்சீட்டை எடுத்தாள்.

“காரணத்தைக் கொஞ்சம் பொதுவா எழுதேம்மா.”

“காலுறைன்னுதான் எழுதுவேன் சார். யாரோடதுன்னு கேக்க இதுல கட்டம் இல்ல. எங்க ஆளை எப்ப விடுவீங்க?”

அதிகாரி விடுதலை உத்தரவில் அங்கேயே கையெழுத்துப் போட்டார். அவள் அதை இருமுறை படித்துவிட்டு, வேலைச்சீட்டை அவர் கையில் கொடுத்தாள்.