வலப்பக்கச் சுருள்

தும்மல் வரும்போல் இருந்தால் சிப்பியக்கா முதலில் ஊசியைக் கீழே வைக்கிறாள். பிறகு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, அறைக்கு வெளியே போய்த்தான் தும்முகிறாள். நுண்ணோக்கியின் கீழே கிடக்கும் சிப்பி எள்ளைவிடக் கொஞ்சம் பெரியது. மூவாயிரம் மீட்டர் ஆழத்துச் சேற்றிலிருந்து வந்தது. ஒரு தும்மலில் பறந்துவிட்டால் இன்னொன்று கொண்டுவரக் கப்பல்தான் போக வேண்டும்.

அருங்காட்சியகத்தின் பின்கட்டில், ஜன்னலோர மேசையில் இருபத்தாறு வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. துளி அமிலத்தில் ஓட்டைக் கரைத்து, உள்ளே இருக்கும் கண்ணாடி போன்ற உடலை ஊசிமுனையால் திருப்பி, பாதம், செவுள், வயிறு, குடல் என்று பார்த்துப் பார்த்து வரைவாள். எவ்வளவு வெயிலானாலும் மின்விசிறி கிடையாது. "கொஞ்சம் திரும்புடா கண்ணு... அவ்ளோதான், அவ்ளோதான்" என்று, செத்து ஒரு வருடமான உயிரிடம் கெஞ்சுவாள். வீட்டில் ஜாம் பாட்டில் மூடியைத் திறக்க மட்டும் கணவரைக் கூப்பிடுவாள். "எள்ளு சைஸ் சிப்பியைத் திறக்கிற மகராசிக்கு இது முடியாதாக்கும்!" என்பார் அவர்.

இந்தச் சிப்பிகளை வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே அச்சு. இனத்தைக் காட்டிக்கொடுப்பது குடல்தான். அது எத்தனை சுற்று சுற்றுகிறது, உடலின் எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பார்க்க வேண்டும். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு சிப்பி கிடைத்தது. இடப்பக்கச் சுருள் என்று சிப்பியக்கா வரைந்தாள். அந்தப் படத்தை நம்பி அதைப் புது இனம் என்று அறிவித்த பேராசிரியர், அந்த வருடம் இறந்துபோன தன் மனைவியின் பெயரை அதற்கு வைத்தார்.

போன மாதம் அதே இடத்திலிருந்து இன்னும் பன்னிரண்டு வந்தன. பன்னிரண்டிலும் சுருள் வலப்பக்கம். சிப்பியக்கா அந்த முதல் சிப்பியைப் பதித்து வைத்திருந்த பழைய கண்ணாடி ஸ்லைடைத் தேடி எடுத்து, நுண்ணோக்கியின் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினாள். முதலில் பாதம் தெளிந்தது. சுருள் அதற்கும் அடியில் இருந்தது. வலப்பக்கத்துக் குடல் கண்ணாடி உடம்பின் ஊடே தெரிந்ததை, இடப்பக்கம் என்று அன்று வரைந்திருக்கிறாள். அப்படியானால் அது புது இனமே இல்லை, ஏற்கெனவே பெயருள்ள ஒன்று. அந்த அம்மாளின் பெயர் போய்விடும்.

மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "யாரு பாக்கப் போறா? அந்தச் சிப்பிக்கே தெரியாது, எந்தப் பக்கம்னு" என்றார் கணவர்.

"அதுக்குத் தெரியும்" என்றாள்.

ஓய்வுபெற்ற பேராசிரியர் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறார். அவருடைய மேசைக்கு மேலே, சட்டம் போட்டு, அவள் வரைந்த அதே படம். சிப்பியக்காவால் உட்கார முடியவில்லை.

"சார், நான் தப்பா வரைஞ்சுட்டேன். சுருள் வலப்பக்கம் சார்."

புதுப் படங்களை ஒவ்வொன்றாக அவர் பூதக்கண்ணாடியில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"பன்னெண்டையும் திறந்து பாத்தியாம்மா?"

"பாத்தேன் சார்."

"ஒண்ணுகூட...?"

"இல்ல சார்." அவள் கைக்குட்டையை எடுத்தாள். "அம்மா பேரை நான்தான் அழிச்சேன்."

"அந்த ஸ்லைடை நானும் ரெண்டாம் தடவை பாத்திருக்கணும். பாக்கல. அவ பேரு வைக்கணும்னு எனக்கு அவ்ளோ அவசரம்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "திருத்தத்தை நானே எழுதித் தரேன், அனுப்பிடு." பிறகு மெல்லச் சிரித்தார். "வலது எது, இடது எதுன்னு அவளுக்குக் கடைசி வரைக்கும் தெரியாதும்மா. கார்ல பக்கத்துல உக்காந்து வழி சொல்வா பாரு... பாதி ஊரை அப்படித்தான் சுத்திப் பாத்தோம்."

சிப்பியக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே தானும் சிரித்துவிட்டாள்.

"இந்தப் படத்தைக் கழட்டிடட்டுமா சார்?"

"எதுக்கு? அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அவள் ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கைக்குட்டையால் கண்ணாடியின் தூசியைத் துடைத்தாள். இரண்டடி பின்னால் வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, திரும்பப் போய், சட்டத்தின் இடது மூலையை ஒரு நூலளவு உயர்த்திவிட்டாள்.