கஞ்சி வராத வீடு

மண்டைக்காட்டுப் பக்கத்து எங்கள் ஊரில், சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டோம்; வெளியிலிருந்துதான் கஞ்சி வரும். மகாராஜா காலத்து வாந்திபேதியிலும் சாவு வீட்டுப் பிள்ளைகளுக்குக் கஞ்சி சுமந்து போனவர் என் வீட்டுக்காரர்தான். திரும்பி வந்து குளித்து, எங்கள் சின்னவளுக்கு மீன் முள் எடுத்து ஊட்டிய பிறகே தான் சாப்பிடுவார்.

அவர் இறந்த அன்று முற்றம் நிறைய ஆட்கள். உச்சி சாய்ந்தும் கஞ்சி வரவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்: "மைனி, கஞ்சி இன்னும் வரலியா?"

"கொண்டு வாறவரு உள்ள கிடக்காருல்லா!"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். பிறகு நாலைந்து வீட்டிலிருந்து பானைகள் வந்தன. ஊரே பழக்கத்தில் அவரை நம்பி இருந்துவிட்டது.

ஊரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பசியில் அழுத சின்னவளிடம் காலையில் நானே சொல்லியிருந்தேன்: "அழாத மக்கா, அப்பா இப்பம் கொண்டு வருவாரு."