முன்வரிசைக்கு ஒரு ரூபாய்

எங்கூட்டுக்காரர் அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டெம்பரரி. அந்த மாதம் ஒருநாள்கூட லேட் ஆகாமல் வந்தால் பர்மனென்ட் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். நாங்கள் இருந்தது நெமிலிச்சேரிப் பக்கம். பட்டாபிராம் ஸ்டேஷன் வரை சைக்கிள், அங்கிருந்து ஏழேகால் ரயில். அதை விட்டால் கம்பெனி கேட்டை மூடிவிடுவார்கள்.

ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டுதான் தலைவலி. எங்கே விட்டாலும் ஐம்பது பைசா என்பதால் எல்லாருக்கும் வாசலோரம்தான் வேண்டும். ஏழு மணிக்கே அங்கே ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடக்கும். அவசரத்தில் வருகிறவன் கடைசி வரைக்கும் தள்ளிக்கொண்டு போகவேண்டும்.

புதிதாக ஸ்டாண்டை ஏலம் எடுத்தவர் அதிகம் பேசாத ஆள். வாசலோர வரிசைக்கு ஒரு ரூபாய், பின்னால் பழைய விலை என்று சிலேட்டில் எழுதி மாட்டினார். "முன்னால எப்பவும் ரெண்டு இடம் காலியா இருக்கணும். அதுக்கு மேல காலியா கிடந்தா ரேட்டைக் குறைப்பேன், ரொம்பிப்போச்சுன்னா ஏத்துவேன்" என்றாராம்.

எஸ்டேட் ஆட்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முன்வரிசையில் ஒருத்தனும் விடக்கூடாது என்று ஸ்டாண்டு வாசலிலேயே கற்பூரம் ஏற்றி, அதன்மேல் அடித்துச் சத்தியம் செய்தார்கள். கற்பூரம் வாங்கிக்கொண்டு போனது எங்கூட்டுக்காரர்தான்.

"சைக்கிளு நிக்கிறதுக்கு ஒர்ரூபாயா? அதுக்கு இன்னா சோறா போட்றான்?" என்று வீட்டுக்கு வந்தும் அதே பேச்சு.

"உங்களுக்கு வேலை முக்கியமா, வீம்பு முக்கியமா?" என்று கேட்டேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முன்வரிசை வெறிச்சென்று கிடக்க, அத்தனை பேரும் பின்னால் முட்டிமோதினார்கள். ஸ்டாண்டுக்காரர் சண்டைக்கே போகவில்லை. திங்கட்கிழமைக்குத் திங்கட்கிழமை சிலேட்டை அழித்து எழுதினார். எழுபத்தைந்து பைசா ஆயிற்று, பிறகு அறுபது. அறுபதுக்கு வந்ததும் ஒவ்வொருத்தராக நைசாக முன்னால் விட ஆரம்பித்தார்கள். நம்மாளுக்கு மட்டும் சத்தியம் சத்தியம்தான்.

மாதக் கடைசியில் ஒருநாள் வழியில் செயின் கழன்று, தாமதமாகப் போயிருக்கிறார். முன்வரிசையில் எல்லாம் கூட்டாளிகளின் சைக்கிள்கள். ஸ்டாண்டுக்காரர் சொன்னபடியே இரண்டு இடம் காலி. "அண்ணாத்தே, வண்டி வந்துகினு கீது, இங்கியே உட்டுட்டு ஓடு" என்று அவரே கூப்பிட்டாராம். இவர் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். சொருகிவிட்டுத் திரும்பி ஓடிவருவதற்குள் ரயில் கிளம்பிவிட்டது. வெறும் பத்துப் பைசா வித்தியாசத்துக்கு.

அடுத்த வாரம் கூட்டாளிகள் இரண்டு பேர் ஸ்வீட் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார்கள். இருவருக்கும் பர்மனென்ட் ஆர்டர் வந்திருந்தது. "மச்சானாட்டம் சொன்ன சொல்லைக் காப்பாத்துற ஆளு எங்க ஷிப்டுலயே கெடயாதுமா" என்று என்னிடமே சொன்னார்கள். அதைக் கேட்டு இவர் முகத்தில் ஒரு பெருமை வந்தது பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பெட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, அடுப்படியில் நின்று அழுதேன்.