காய்ச்சாத நாற்பத்தொரு பியர்கள்

என் லப்டொப்பில் நாற்பத்தொரு பியர் இருக்கிறது. அவற்றில் ஒன்றைக்கூட நான் காய்ச்சவில்லை, குடிக்கவும் இல்லை. போன மாதம் இதே வசனத்தை வாயால் சொன்னேன். மகள், நீ நம்பவில்லை. அதனால் எழுதுகிறேன். தம்பி, நீயும் கேள், ஆனால் இது முக்கியமாக அக்காவுக்கு.

உங்கள் இருவருக்கும் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் தெரியும். அம்மாதான் வாசித்துச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். அது கவுன்சிலுக்கு எழுதுகிற கடிதம்போல வந்தது. நான் பத்தாம் வகுப்போடு நின்றவன், என்னால் ஏலுமான பாஷை இதுதான்.

பியர் காய்ச்ச எனக்குக் காட்டித் தந்தவர் லண்டனில் சட்டன் பக்கம் இருக்கிற மலேசிய அண்ணை. உங்களுக்கு நினைவிருக்கும், மாதா கோவிலில் பூசை முடிய எல்லோருக்கும் நாற்காலி மடித்துக் கொடுப்பார். கணக்காளர். ஒரு வாளி காய்ச்சினால் மூன்று மாதம் வைத்து ஆறுதலாகக் குடிப்பவர். அவர்தான் இந்தப் புரோகிராமை என் லப்டொப்பில் போட்டுத் தந்தார். திரையின் மேலே ஒரு கண்ணாடிக் கோப்பையின் படம். கீழே, முளைவிட்டுக் காயவைத்த பார்லி எத்தனை கிலோ, கசப்புக்குப் போடுகிற ஹொப்ஸ் பூ எத்தனை கிராம், எந்த ஈஸ்ட் என்று தட்டினால், கோப்பையின் நிறம் மாறும். கறுக்க வறுத்த பார்லியை ஒரு பிடி கூட்டினால் பிளேன் டீ நிறம் கோப்பி நிறமாகும். பக்கத்தில் கசப்பு இவ்வளவு, வெறி இவ்வளவு என்று எண் ஓடும். எத்தனையாம் நாள் போத்தலில் அடைக்கலாம், எத்தனையாம் நாள் திறக்கலாம் என்றும் சொல்லும்.

அவருக்கு மூன்று மாதம் வந்த வாளி எனக்கு இரண்டு கிழமை வந்தது.

அந்த நாளில் நான் என்னை ஒரு குடிகாரன் என்று நினைக்கவில்லை. குடிகாரன் கடையில் வாங்குகிறவன். நான் வெப்பம் அளந்தேன், நாள் எண்ணினேன், கோப்பையின் நிறத்தைத் திருத்தினேன். ஒவ்வொரு வருடமும் தவக்காலம் நாற்பது நாளும் ஒரு சொட்டு வாயில் வைக்கமாட்டேன். அம்மா அதைக் கோவிலில் பெருமையாகச் சொல்லுவார். ஆனால் சாம்பல் புதனுக்கு முதல் நாளே புரோகிராமில் ஈஸ்டர் ஞாயிறைப் போட்டு, பின்பக்கமாக நாள் கணக்குப் பார்த்து வைத்துவிடுவேன். தவக்காலத்தில் ஷெட்டுக்குள் வாளி குளுக் குளுக் என்று கொண்டிருக்கும். பாஸ்கா பூசை முடிந்து வந்து போத்தலைத் திறந்தால் நுரை சரியாக நிற்கும். இதில் ஒரு பிழையும் எனக்கு அப்போது தெரியவில்லை.

பாண் பக்டரியில் மா பிசைகிற பகுதியில் வேலை என்பது எனக்கு நல்ல வசதியாகப் போயிற்று. பிசைந்து பொங்கவிட்ட மாவுக்கும் பியருக்கும் கிட்டத்தட்ட ஒரே மணம். அம்மா முகத்தைச் சுளித்தால், "இது மா மணமப்பா, ஷேர்ட்டிலை ஊறிப்போச்சு" என்பேன். பாதி நாள் அது உண்மையாகவும் இருக்கும். எந்தப் பாதி என்று அம்மாவுக்குத் தெரிய வழியில்லை.

மகள், அப்போது உனக்கு ஒன்பது வயது. நான் உன்னைப் பள்ளிக்கூடத்தில் எடுக்க வந்தேன். ஒப்பிசில் இருந்த ரீச்சர் மரியாதையாகத்தான் பேசினா, "கொஞ்சம் இருங்கோ" என்று கதிரையைக் காட்டினா. உன்னை என்னிடம் விடவில்லை. நான் வாயைத் திறக்கமுதல் நீ சொன்னாய், அப்பா பாண் பக்டரியில் வேலை, அதுதான் இந்த மணம் என்று. ஆங்கிலத்தில், வடிவாக, பாடமாக்கினதுபோல. ரீச்சர் தலையாட்டிவிட்டு அம்மாவின் வேலையிடத்துக்குப் போன் எடுத்தா. அம்மா இரண்டு பஸ் மாறி வரும்வரை நாங்கள் இருவரும் அந்தச் சுவரோடு இருந்தோம். நீ உன் சப்பாத்து நாடாவைக் கழற்றிக் கழற்றிக் கட்டினாய்.

அதற்குப் பிறகும் நான் பல வருடம் குடித்தேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

ஈரல் டொக்டர் பேப்பரைத் திருப்பி என் பக்கம் வைத்துக் காட்டிய நாளோடு நின்றேன். ஆறு வருடமாகிறது. வாளி, குழாய், போத்தல் எல்லாவற்றையும் தம்பியும் நானும் காரில் ஏற்றிக் கவுன்சில் குப்பைத் தளத்தில் போட்டோம். ஷெட்டில் இப்போது அம்மாவின் டீப் ப்ரீசரும் அரிசி மூட்டையும்தான். லப்டொப்பை மட்டும் போடவில்லை. அதில் பியர் இல்லையே என்று நினைத்தேன்.

விடியப்புற ஷிப்ட் முடிந்து பத்தரைக்கு வீடு வந்தால், பிறகு முழு நாளும் கிடக்கும். குடிக்காதவனுக்கு ஒரு நாள் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். கை எதையாவது தேடும். ஒரு நாள் அந்தப் புரோகிராமைத் திறந்தேன். பார்லியைக் கூட்டினேன், கோப்பை சிவந்தது. குறைத்தேன், வெளுத்தது. ஒரு மணித்தியாலம் போனது தெரியவில்லை. அதோடு பழகிவிட்டது. மகள், உன் கலியாணத்துக்கு ஒன்று செய்தேன், தோடம்பழத் தோலும் கொத்தமல்லியும் போட்டது. மண்டபத்தில் எல்லோரும் கிளாஸ் தூக்கியபோது நான் ஜூஸைப் பிடித்துக்கொண்டு அதை நினைத்தேன். உன் மகள் குஞ்சு பிறந்தபோது ஒன்று, வைக்கோல் நிறம், கசப்பே இல்லாதது. அதற்குப் பேத்தி என்று பெயர் வைத்தேன்.

அதோடு நின்றிருந்தால் இன்றைக்கு இதை எழுதியிருக்க வேண்டாம்.

அந்தப் புரோகிராமில் ஒவ்வொரு பியருக்கும் இரண்டு வரிசைப் பெட்டிகள். ஒன்று, இப்படி வரும் என்று அது சொல்வது. மற்றது, உண்மையில் எப்படி வந்தது என்று நாங்கள் அளந்து போடுவது. காய்ச்சுகிற நாளைக் குறித்தால், பிறகு அளவு கேட்கும். நாள் போனதும் சுவை எப்படி என்று கேட்கும். போடாமல் விட்டால் அந்தப் பெட்டி சிவப்பாக நிற்கும். இருபது வருடமாக நான் பக்டரியில் தாள் நிரப்புகிறவன். தண்ணீர்ச் சூடு, மா நிறை, ஈஸ்ட் போட்ட நேரம், கீழே கையெழுத்து. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொன்னார்கள், காலியாக ஒரு பெட்டி இருந்தால் அந்த வேலை செய்யப்படவில்லை என்று கணக்கு, முழு மாவும் குப்பைக்கு. சிவப்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க ஏலாது. நிரப்பினேன். அளவுகளைக் கொஞ்சம் முன்னே பின்னே போட்டேன், உண்மையில் அப்படித்தான் வரும். சுவைக்கு எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் இரண்டு வரி. நுரை நல்லது, தோடம்பழ மணம் கடைசியில் வருகிறது, அப்படி. வேறொருவரும் பார்க்காத தாள்தானே.

நீ வேலைக்குத் திரும்பியபோது செவ்வாயும் வியாழனும் குஞ்சை என்னிடம் விட்டாய். அப்போது என்ன சொன்னாய் என்று எனக்கு ஒரு எழுத்தும் மறக்கவில்லை. "அப்பா, ஒரே ஒருதரம் குடிச்சாலும் சரி. பிறகு குஞ்சு இங்கை இல்லை." நான் ஓம் என்றேன். அதற்காக ஷிப்டை நள்ளிரவுக்கு மாற்றினேன், நீ வரமுதல் வீடு வந்துவிடுவேன். பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை அவள் நித்திரை. அந்த நேரம் நான் லப்டொப்போடு இருப்பேன்.

போன மாதம் அந்தச் செவ்வாய், குஞ்சை எடுக்க வந்த நேரம் உன் வேலை லப்டொப்பில் சார்ஜ் போய்விட்டது, அவசரமாக ஒரு பேப்பர் அனுப்ப வேண்டுமென்று என்னுடையதைக் கேட்டாய். நான் ஒரு பயமும் இல்லாமல் தூக்கித் தந்தேன். குஞ்சு உயரக் கதிரையில் இருந்து ரஸ்க்கைத் தட்டில் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரையில் அந்தப் புரோகிராம் திறந்தபடியே கிடந்தது.

"அப்பா, போன செவ்வாய் குஞ்சு படுத்த நேரம் என்ன செய்தனீங்கள்?"

"ஒண்டும் இல்லைப் பிள்ளை. உதிலைதான் இருந்தனான்."

நீ திரையில் இருந்ததை வாசித்தாய். நான் எழுதிய ஆங்கிலம் உன் வாயில் வர எனக்கே கூச்சமாக இருந்தது. "வெரி குட் ஸ்மெல். செக்கண்ட் பொட்டில் மோர் பெட்டர்." பக்கத்தில் திகதி. செவ்வாய்க்கிழமை.

"அது சும்மா, பிள்ளை. அது விளையாட்டு. பெட்டி காலியா நிண்டா சிவப்பா..."

"நாப்பத்தொண்டு, அப்பா."

"ஒண்டும் காய்ச்சேல்லை. ஷெட்டைத் திறந்து பார்."

"முந்தியும் நாங்கள் பாக்கேக்கை ஷெட் கிளீனாத்தான் இருந்தது."

"அப்ப சட்டன் அண்ணையைக் கேள். அவருக்குத் தெரியும், நான் இதிலை கூட்டிக் குறைச்சுப் பாக்கிறது."

"நல்ல சாட்சி. காய்ச்சப் பழக்கினவரையே கூப்பிடுறீங்கள்."

நீ எழும்பி என் கிட்ட வந்தாய். கட்டிப்பிடிக்க வருகிறாய் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். என் தோளருகில் மூச்சை இழுத்தாய். வேலைக்குப் போட்ட ஷேர்ட் அது, மாற்றவில்லை. பழக்கதோஷம், வாயில் வந்துவிட்டது. "அது மா மணம், பிள்ளை."

"தெரியும் அப்பா. அந்த ரீச்சருக்கு அதைச் சொன்னது நான்தான்."

அம்மா குசினி வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் குஞ்சின் வாயைத் துடைக்கப் போனார்.

"டொக்டரிட்டைப் போவம்," என்றேன். "ரத்தம் எடுக்கட்டும். நாளைக்கே போவம்."

"எனக்குச் சோதனை ஒண்டும் வேண்டாம். உங்களைச் சோதிச்சுச் சோதிச்சுத்தான் நான் வளந்தனான்." நீ சத்தம் போடவில்லை. குஞ்சின் பையில் துடைப்பான், பால் போத்தல், அந்தத் துணி முயல், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வைத்தாய். "சரி, குடிக்கேல்லை எண்டே வைப்பம். தவக்காலத்திலையும் நீங்கள் குடிக்கேல்லைத்தான் அப்பா. ஈஸ்டருக்குப் போத்தல் ரெடியா இருந்தது."

நீ குஞ்சைத் தூக்கிக்கொண்டு போனாய். பிறகு அவளை இங்கே விடவில்லை.

குஞ்சு இப்போது தோர்ண்டன் ஹீத்தில் ஒரு நேர்சரிக்குப் போகிறாள். நான் வேலை முடிந்து வருகிற பஸ் அந்த வழிதான். மேல் தட்டில் இருந்தால் மதிலுக்கு மேலால் முற்றம் தெரியும். நான் கீழ்த் தட்டில் இருக்கிறேன்.

எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்று இரண்டு தரம் திறந்தேன். அழித்தால், ஒளித்துவிட்டேன் என்பாய். அளவுகளை மட்டும் எடுத்துப் பெட்டிகளைச் சிவப்பாக விடலாம் என்றும் நினைத்தேன், அதுதானே உண்மை. ஆனால் கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்று அது கீழே எழுதிவைக்கும். பொய்யை எழுதியபோது ஒருவருக்கும் சந்தேகம் வராதமாதிரி அவ்வளவு கவனமாக எழுதினேன். இப்போது உண்மையை எழுதினால் அதுதான் பொய்போலக் கிடக்கும். மூடிவைத்துவிட்டேன்.

நீ போன அடுத்த நாள், நான் பாதி குடித்து வைத்த தேத்தண்ணிக் கோப்பையை அம்மா கழுவ எடுத்தார். எடுத்து, முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்தார். நான் கதவடியில் நின்றதை அவர் காணவில்லை. நான் குடியை விட்ட இந்த ஆறு வருடமும் ஒரே கட்டிலில் படுக்கிற மனிசி. நான் திரும்பப் போய்ச் சப்பாத்தைச் சத்தமாகக் கழற்றிவிட்டு வந்தேன்.

இதுவரை எழுதியதை நேற்று அம்மாவிடம் கொடுத்தேன். உங்களுக்கு வாசிக்கப்போகிறவர் முதலில் தான் வாசிக்க வேண்டும் அல்லவா. கண்ணாடியைப் போட்டு, மேசையில் இருந்து, ஆறுதலாக வாசித்தார். கோப்பையை மணந்த இடம் வந்ததும் கொஞ்சம் நின்றார், பிறகு தொடர்ந்தார். முடித்து, தாள்களை அடுக்கித் தட்டினார்.

"நீங்கள் குடிக்கேல்லை எண்டு நான் நம்புறன்," என்றார். "ஒண்டு மட்டும் விளங்கேல்லை. குடிக்காத பியருக்கு ரெண்டாம் போத்தல் எண்டு ஏன் எழுதினீங்கள்?"

நான் யோசித்துப் பார்த்தேன். அந்தப் பெட்டி எத்தனை போத்தல் என்று கேட்கவில்லை. சுவை எப்படி என்றுதான் கேட்டது. முதலாம் போத்தலோடு அது நிரம்பியிருக்கும். நிரப்பக் காலியாக அங்கே எதுவும் இருக்கவில்லை. குஞ்சு அடுத்த அறையில் நித்திரை, என் கையில் தேத்தண்ணி, திரையில் ஒரு கோப்பையின் படம். அப்படி இருந்தும் நான் மனதுக்குள் இன்னொன்றைத் திறந்திருக்கிறேன். இல்லாத பியரிலும் ஒன்றோடு எழும்ப எனக்கு வரவில்லை.

"தெரியேல்லை," என்று அம்மாவிடம் சொன்னேன். அவர் தாள்களை என் பக்கம் தள்ளினார். சோறு வடிக்க எழும்பிவிட்டார்.

மகள், நான் குடிக்கவில்லை. அது சத்தியம். நீ செய்தது பிழை என்று எழுதத்தான் தொடங்கினேன், இங்கே வந்து நிற்கிறேன். குஞ்சின் உயரக் கதிரை இன்னும் குசினியில்தான் இருக்கிறது. நீ கொண்டுபோக மறந்துவிட்டாய், அல்லது விட்டுவிட்டாய். அதன் தட்டில் அம்மா இப்போது வெங்காயம் வைக்கிறார்.