ஷேடு சேருது

இது நடந்தது. அத்தாட்சி மேகலாவின் இடது கையில் இருக்கிறது. ஆம்பூர் வெயில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். அந்த வெயிலிலும் அவள் மணிக்கட்டு வரை மூடிய சுடிதார்தான் போடுகிறாள். ஏன் என்று கேட்டால் சிரித்து மழுப்புவாள். அவளைக் கேட்காதீர்கள், பாவம். நான் சொல்கிறேன்.

மேகலா ஒரு ஷூ கம்பெனியில் ஷேடு பார்ப்பவள். வெளிநாட்டுப் பார்ட்டி உள்ளங்கை அளவுக்கு ஒரு தோல் துண்டை சாம்பிளாக அனுப்புவார்கள். வெட்டுவதற்கு வரும் தோல் எல்லாம் அதே நிறத்தில் இருக்கிறதா என்று வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இதில் ஒரு முறை உண்டு. ஒருத்தி கண்ணை மட்டும் நம்ப மாட்டார்கள். ஒருத்தி பார்த்து "சேருது" என்பாள். பக்கத்தில் இருப்பவளும் பார்த்து "சேருது" என்று சொன்னால்தான் லாட் பாஸ். பாஸ் ஆன லாட் கத்திக்குப் போய்விடும். அதற்கப்புறம் முதலாளியே வந்தாலும் நிறுத்த முடியாது.

வருடக்கணக்கில் இதே வேலை. பழுப்பு, அதில் பத்துப் பழுப்பு. கறுப்பிலும் நாலு கறுப்பு. சந்தையில் தக்காளி வாங்கப் போனால்கூட அவள் கண் பாட்டுக்கு ஷேடு பிரிக்க ஆரம்பித்துவிடும். கடைசியில் தலைவலி வந்தது. வேலூர் கண் டாக்டர், கண்ணுக்கு ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும் என்று லீவு எழுதிக் கொடுத்தார். லீவு முடிந்தும் கண் தெளியவில்லை என்றால் அந்த நாற்காலியில் வேறு ஒருத்தி உட்காருவாள். மேகலாவுக்குத் தெரிந்தது இந்த ஒரு வேலைதான்.

ஆனால் வீட்டில் ஓய்வு எங்கே? முந்தைய சொந்தக்காரர் ரசனைக்காரர். ஹாலுக்குக் கிளிப்பச்சை, படுக்கையறைக்கு ரோஸ். கண்ணை மூடினாலும் அந்த ரோஸ் இமைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்போதுதான் ஸ்வீடன் பார்ட்டியின் நினைவு வந்தது. போன சீசனில் வந்த இரண்டு பெண்கள் தங்கள் வீட்டு போட்டோவை போனில் காட்டியிருந்தார்கள். வெள்ளைச் சுவர், வெளிறிய மரத்தரை, சாம்பல் திரை. வேறு ஒன்றும் இல்லை. சாம்பிள் தோல் துண்டுகளைக் கோத்து அவர்கள் கொண்டுவந்த ஷேடு வளையத்திலும் அதே நிறங்கள்தான். பனிமூட்டம், ஓட்ஸ் கஞ்சி, ஈரக்கல் என்று ஒவ்வொரு துண்டின் பின்னாலும் பெயர் ஒட்டியிருந்தது. மேகலா அந்த போட்டோவை வெகுநேரம் பார்த்தாள்.

"அந்த வீட்டுல கண்ணுக்கு ஒரு வேலையும் இல்லக்கா," என்றாள் பக்கத்து நாற்காலி தில்ஷாத்திடம்.

லீவுக்கு முந்தின நாள், பெயின்ட் கடையில் காட்டலாம் என்று மேஜை டிராயரில் அந்த வளையத்தைத் தேடினாள். வளையம் இல்லை. டிராயரின் கடைசியில் ஒரே ஒரு துண்டு மட்டும் ஒட்டிக் கிடந்தது. பால் கலந்த சாம்பல் நிறம். சாம்பிள்களுக்கு வெட்டுவது போலவே ஓரம் பல் பல்லாக இருந்தது. பின்னால் பெயர் இல்லை. வளையத்திலிருந்து கழன்றது என்று நினைத்தாள். ஆனாலும் விரலில் உருட்டிப் பார்த்தபோது ஏதோ இடறியது. ஆட்டுத்தோலும் இல்லை, மாட்டுத்தோலும் இல்லை, அவ்வளவு மெல்லிசு. மூலையில் ஒரு கறுப்புப் புள்ளி. சாயம் தெறித்திருக்கும் என்று பையில் போட்டுக்கொண்டாள்.

கடை மெஷின் அந்தத் துண்டைப் பார்த்து அதே நிறத்தைக் கலந்து கொடுத்தது. முதலில் படுக்கையறை.

"ஊர்ல எல்லாரும் செவுத்துக்குக் கலர் அடிப்பாங்க. நீ இன்னாடான்னா இருக்கிற கலரை எடுக்கிற," என்று கோபி கிண்டல் செய்தான். கோபி அவள் கணவன், ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை. காலையில் போனால் இருட்டித்தான் வருவான்.

அன்று மத்தியானம் மேகலா அந்த அறையில் தூங்கினாள் பாருங்கள், கல்யாணத்துக்கு அப்புறம் அப்படித் தூங்கியதில்லை. எழுந்தபோது அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு நிம்மதி.

மறுநாள் உச்சி வெயில். கம்பெனியில் சாப்பாட்டுச் சங்கு ஊதியது வீட்டுக்கே கேட்டது. மேகலா சாப்பிட்டுவிட்டு அறைக்கு வந்தாள். வடக்கு ஜன்னல் பக்கத்தில், சுவரில் உள்ளங்கை அளவுக்குப் பெயின்ட் இல்லை. அடியில் பழைய ரோஸ் தெரிந்தது. கீழே ஒரு துகள்கூட விழவில்லை.

ஓரம் பல் பல்லாக இருந்தது.

பெயின்டர் வந்து பார்த்தார். "ஈரம் ஜாஸ்திம்மா, உரிஞ்சிக்குது," என்று பூசிவிட்டுப் போனார். உரிந்தது என்றால் உரிந்த துண்டு எங்கே? மேகலா கேட்கவில்லை. கேட்கத் தெம்பில்லை.

அதற்கடுத்த நாளும் சங்கு ஊதியது. அடுப்படியில் நின்றவளுக்கு அறையிலிருந்து சத்தம் கேட்டது.

கரக்... கரக்...

அந்தச் சத்தம் அவளுக்கு நன்றாகவே தெரியும். சாம்பிள் வெட்டும் கத்தரிக்கோல். ஓடிப்போய்ப் பார்த்தாள். யாரும் இல்லை. சுவரில் இன்னொரு துண்டு காணவில்லை. ஜன்னலோரம் நாற்காலி ஒன்று போட்டிருந்தது. அவள் போடவில்லை.

"கோபி, பயமா இருக்கு. வாயேன்," என்று போன் செய்தாள்.

"லைன்ல நிக்கிறேன் மேகலா. மாத்திரை போட்டுப் படு. வந்துர்றேன்."

மூன்றாம் நாள் தலைவலி மண்டையைப் பிளந்தது. கண்ணைத் திறந்தாலே வாந்தி வந்தது. வெளியே ஓட வேண்டும் என்று மனசு சொன்னது. உடம்பு எழவில்லை. மாத்திரை போட்டு, கண்ணை இறுக மூடி, அதே அறையில் படுத்திருந்தாள்.

சங்கு ஊதி ஓய்ந்தது.

நாற்காலி நகர்ந்தது. கண்ணாடி வளையல் சத்தம். தோலுக்கு அடிக்கும் சாயத்தின் நெடி...

கரக்... கரக்...

பிறகு ஒரு பெண் குரல். மிரட்டல் இல்லை. களைத்துப்போன குரல்.

"சேருது."

அமைதி. அது காத்திருந்தது. எதற்கென்று மேகலாவுக்குப் புரிந்தது. ரெண்டாவது ஆளுக்காக.

"சேருது..." குரல் இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

அவளுடைய இடது முன்கையில் ஜில்லென்று ஏதோ வைக்கப்பட்டது. மெல்லிசாக, உள்ளங்கை அளவில். சின்ன வயதில் வெந்நீர் கொட்டிய தழும்பு ஒன்று அங்கே உண்டு, அதை ஒட்டி.

பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். அதுதான் வேலை. இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவள் பார்க்காமல் சொன்னதில்லை.

ஆனால் கண் திறக்க முடியவில்லை. விட்டால் போதும் என்றிருந்தது. தூங்கவிட்டால் போதும்.

"சேருது," என்றாள் மேகலா.

கரக்.

வலிக்கவே இல்லை.

கண் விழித்தபோது தலைவலி இல்லை. சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. நாற்காலி ஹாலில் இருந்தது. கனவு என்று எழுந்து உட்கார்ந்தவள் கையைப் பார்த்தாள்.

முன்கையில் உள்ளங்கை அளவுக்குச் சாம்பல் நிறம். ஓரம் பல் பல்லாக. தழும்பைக் காணோம்.

பழக்கதோஷம்... கையைச் சுவரோடு சேர்த்து வடக்கு வெளிச்சத்தில் பார்த்தாள். துளி வித்தியாசம் இல்லை.

கோபி அன்றே தோல் டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் களிம்பு எழுதினார். மறுநாளே அந்த அறைக்கு மறுபடி ரோஸ் அடித்தார்கள். கண் மட்டும் தெளிந்துவிட்டது. லீவு முடிந்ததும் மேகலா வேலைக்குப் போனாள். சாப்பாட்டு நேரத்தில் தில்ஷாத்திடம் எல்லாவற்றையும் சொல்லி, கையைத் தூக்கிக் காட்டினாள்.

தில்ஷாத்தின் கையிலிருந்த சோறு தட்டில் விழுந்தது.

"சௌந்தரத்துக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது," என்றாள்.

"யாருக்கா சௌந்தரம்?"

"உனக்கு முன்னாடி இந்த நாற்காலில இருந்தவ. இதே கையில, இதே மாதிரி சதுரமா. அங்க அவளுக்கு கறுப்பா ஒரு மச்சம் இருந்துச்சு. மச்சத்தோட போய்ட்சு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணு, ரெண்டு... கழுத்து வரைக்கும் ஏறிச்சு. அதோட போய் சேர்ந்துட்டா."

மேகலா மெல்லப் பையைத் திறந்தாள். பெயின்ட் கடையிலிருந்து வந்ததும் அந்தத் துண்டை ஒரு கவரில் போட்டு வைத்திருந்தாள். கவரை மேஜைமேல் கவிழ்த்தாள்.

இரண்டு துண்டுகள் விழுந்தன.

ஒன்றின் மூலையில் கறுப்பு மச்சம். இன்னொன்றில் வெந்நீர் பட்ட பழைய தழும்பு.

முழுக்கைச் சுடிதார் போட ஆரம்பித்தது அன்றைக்குத்தான். இந்த மாதம் முதல், அவள் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வருகிறாள்.